சகலைக்கு விழுந்த ஒரு கோடி

பரிசு விழுந்தது காளியண்ணனுக்கு. தூக்கம் கெட்டது அவருடைய சகலை நாச்சிமுத்துவுக்கு.

சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெரு. அங்கே ஒரு மாடியில் இருந்தது அறிவுச்செல்வியின் துப்பறியும் அலுவலகம். எதிரே உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, கொடுத்த காபியைத் தொடவே இல்லை. எருமப்பட்டியில் பெரிய கோழிப்பண்ணை வைத்திருப்பவர். சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. கண்களுக்குக் கீழே மட்டும் கறுத்துப் போயிருந்தது.

அவர் சொன்ன கதை இது. அவரும் காளியண்ணனும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மூத்தவள் மலர்விழி இவருக்கு, இளையவள் தமிழ்ச்செல்வி அவனுக்கு. சங்ககிரியில் ஒரே ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு தானே ஓட்டிப் பிழைத்தவன் அவன். நாச்சிமுத்து பார்த்துக் கொடுத்த முட்டை லோடு இல்லையென்றால் அந்த வண்டியும் நின்றிருக்கும். போன வருடம் ஒரு டயர் கம்பெனி, லாரிக்காரர்கள் சிலரைத் துபாய்க்குச் சுற்றுலா கூட்டிப்போனது. அவனும் போனான். திரும்பி வந்து கொஞ்ச நாளில், அங்கே வாங்கிய குலுக்கல் சீட்டுக்கு ஒரு கோடி விழுந்துவிட்டது என்று செய்தி பரவியது. அதற்குப் பிறகு புது லாரி ஒன்று வந்து அவன் வாசலில் நின்றது.

"பணம் போனாப் போகுதுங்க," என்றார் நாச்சிமுத்து. "இப்ப அவன் வந்தா எங்க மாமனாரு எந்திரிச்சு நின்னு 'வாங்க மாப்பிள்ளை'ங்கறாரு. இருபது வருசத்துல எனக்கு ஒருக்காக்கூட அவரு எந்திரிச்சதில்லீங்க."

அறிவுச்செல்வி குறித்துக்கொண்டாள். உதவியாளர் சென்றாயன் மட்டும் ஜன்னலோரம் நின்று மீசையைத் தடவினார். லாரி இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். யார் பொய் சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வரும். உண்மை சொன்னால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வரும்.

நாச்சிமுத்து வந்த காரியம் விசித்திரமானது. துபாயில் பரிசுப் பணத்துக்கு வரி கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். ஆனால் இந்தியாவில் குடியிருப்பவன் எந்த நாட்டில் ஜெயித்தாலும் இங்கே கணக்குக் காட்டி, நூற்றுக்கு முப்பது வரி கட்ட வேண்டும். சுற்றுலா போய் வந்தவன் துபாய்க்காரன் ஆகிவிட முடியாது. காளியண்ணன் வரி கட்டியிருக்க மாட்டான். அதற்கு ஆதாரம் வேண்டும். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

"வரி கட்டாம தூக்கம் போன ஆளுங்களை நிறையப் பார்த்திருக்கேன்," என்றார் சென்றாயன். "அடுத்தவன் கட்டலையேன்னு தூக்கம் போன ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அறிவுச்செல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பரிசு விழுந்த செய்தியை அவருக்கு முதலில் சொன்னது யார்?

"எங்க ஊட்டுலதானுங்க. சோறு போட்டுக்கிட்டே சொன்னா. அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கலை."

அவர் சொன்ன சட்டம் சரிதான் என்றும், விசாரித்துச் சொல்வதாகவும் சொல்லி அனுப்பி வைத்தாள்.

காரில் சங்ககிரிக்குப் போகும் வழியெல்லாம் சென்றாயனுக்கு இதே பேச்சு. ஊருக்கு ஊர் சூதாட்டச் சட்டம் எப்படி மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் அறிவுச்செல்வி. பொறுமையாகச் சொன்னாள். லண்டனில் ஜெயித்தவன் ஒரு காசு வரி கட்ட வேண்டாம், ஆட்டம் நடத்துகிற கம்பெனிதான் கட்டும். சிங்கப்பூரிலும் ஜெயித்தவனிடம் கேட்க மாட்டார்கள். ஸ்பெயினில் பெரிய பரிசென்றால் ஒரு வரம்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அமெரிக்காவில் வெளிநாட்டுக்காரன் ஜெயித்தால் பெரும்பாலும் முப்பது சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கையில் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பதே குற்றம். கோயம்புத்தூரைத் தாண்டி வாளையாறு போனால் கேரள அரசாங்கமே அச்சடித்து விற்கிறது.

"ஒரே ரோடு," என்றார் சென்றாயன். "இந்தப் பக்கம் வித்தா ஜெயிலு. அந்தப் பக்கம் வித்தா கமிஷன். நடுவுல செக்போஸ்ட்டுக்காரன் பாடுதான் சிரமம்."

சங்ககிரி மலைக்கோட்டை தெரியத் தெரிய, சாலையின் இரண்டு பக்கமும் லாரிப் பட்டறைகள் வந்தன. காளியண்ணன் வீடு ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. ஓட்டு வீடு. சுவரில் பழைய சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. வாசலில் பழைய லாரியும், அதை ஒட்டிப் பூமாலை காய்ந்து தொங்கும் புது லாரியும் நின்றன.

லாரி உரிமையாளர்களைப் பற்றி ஒரு மலர் வெளியிடுகிறோம், அதற்காகப் பேச வந்தோம் என்று அறிவுச்செல்வி சொன்னாள். காளியண்ணன் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதுக்காரர். குரல் தாழ்ந்த மனிதர். லாரியைப் பற்றிக் கேட்டால் கண்ணைப் பார்த்துப் பேசினார். வாரம் தவறாமல் சகலையின் பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டு பாலக்காடு போவதைச் சொன்னார். ஒரு முட்டைகூட விரிசல் விடாமல் இறக்குவதுதான் தொழில் என்று பெருமையோடு சொன்னார். துபாய்ப் பரிசைக் கேட்டதும் பார்வை டயர் பக்கம் போய்விட்டது. சீட்டை எங்கே வாங்கினார் என்றால் ஏர்போர்ட்டில் என்றார். சீட்டு என்ன விலை என்றால் நினைவில்லை என்றார்.

தமிழ்ச்செல்வி மோர் கொண்டுவந்து வைத்தாள். கோடி ரூபாய் விழுந்த வீட்டுப் பெண்ணின் முகம் இல்லை அது. இழவு வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் வந்தவள் மாதிரி இருந்தாள். பரிசுச் செய்தி பரவியதிலிருந்து ரசீது புத்தகத்தோடு வராத கோயில் கமிட்டி இல்லை, கல்யாணத்துக்குக் கேட்டு வராத சொந்தம் இல்லை என்று புலம்பினாள்.

"பேருதானுங்க கோடி," என்றாள். "கையில வந்தது அறுபத்திமூணு லட்சம். அதையும் கண்ணுல பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"உள்ள போ செல்வி," என்றார் காளியண்ணன். அதட்டவில்லை. ஆனால் அவள் உடனே போய்விட்டாள். அவரும் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துகொண்டார்.

பைபாஸ் ஓரத்து டீக்கடையில் அறிவுச்செல்வி வெகுநேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். சென்றாயன் தன் கண்ணில் பட்டதைச் சொன்னார். புது லாரியின் கேபின் ஓரத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கிறது. அதாவது வண்டி கடனில் எடுத்தது. கையில் லட்சக்கணக்கில் வைத்துக்கொண்டு ஒருவன் எதற்காக மாதத் தவணை கட்ட வேண்டும்?

"அந்தப் பணத்துல அவர் கை வைக்கலை," என்றாள் அறிவுச்செல்வி. "வைக்க முடியலை. அது ஒண்ணு. இன்னொண்ணு அந்த அறுபத்திமூணு."

துபாயில் ஒரு கோடி விழுந்தால் கையிலும் ஒரு கோடிதான் வரும். முப்பது சதவீதம் பிடித்திருந்தால் எழுபது வரும். அறுபத்து மூன்று எப்படி வந்தது? அவள் டீ கிளாஸின் ஈர வளையத்தை விரலால் இழுத்து மேஜையில் கணக்குப் போட்டாள். கேரள லாட்டரியில் பெரிய பரிசு விழுந்தால் முதலில் சீட்டு விற்ற ஏஜென்ட்டுக்குப் பத்து சதவீதம் போகும். நூறு, தொண்ணூறு ஆகும். அந்தத் தொண்ணூறில் முப்பது சதவீதம் வரி. இருபத்தேழு போனால் மிச்சம் அறுபத்து மூன்று.

சென்றாயன் டீயைக் கீழே வைத்தார். "அப்ப துபாய்க்குப் போனது ஆளு. பரிசு விழுந்தது பாலக்காட்டுல."

"வரியையும் அங்கேயே பிடிச்சுட்டாங்க. நாச்சிமுத்து தேடற குற்றம் நடக்கவே இல்லை."

"கேரளாவுல போய் நம்மாளு சீட்டு வாங்கறது தப்பில்லையே மேடம். அப்புறம் எதுக்குத் துபாய்னு சொல்லணும்?"

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஊரை மாற்றிச் சொன்னது வரிக்காரர்களுக்காக அல்ல. கேரளா என்று கேட்டதும் ஒரு கணக்கைப் போட்டுவிடக்கூடிய யாரோ ஒருவருக்காக. பாலக்காட்டுக்கு அந்த லாரி எதற்குப் போகிறது, யாருடைய முட்டையை ஏற்றிப் போகிறது என்று தெரிந்த ஒருவருக்காக. அப்படிப்பட்ட ஆள் ஒருவர்தான் உண்டு. காலையில் காபியைத் தொடாமல் போனவர்.

"அண்ணா, வண்டியை எடுங்க. எருமப்பட்டி போகணும்."

பண்ணையில் நாச்சிமுத்து இல்லை. நாமக்கல்லில் முட்டை விலை பேசும் கூட்டத்துக்குப் போயிருந்தார். முட்டை அறையில், அடுக்கடுக்காக வைத்த அட்டைகளுக்கு நடுவே மலர்விழி உட்கார்ந்து முட்டை தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் விழுந்தவற்றைத் தனியாக வைத்தாள். வந்தவர்களைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"சேலத்துல இருந்துங்களா? உங்க கார்டு நாலு நாளா அவரு சட்டைப் பையில இருந்துச்சு. தொவைக்கறது நான்தானுங்க."

அறிவுச்செல்வி ஒரு முட்டை அட்டையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் கண்டதை ஒளிக்காமல் சொன்னாள். பரிசு கேரளாவில் விழுந்தது. வரி அங்கேயே பிடித்தாகிவிட்டது. பணம் காளியண்ணன் பெயரில் இருக்கிறது, ஆனால் அவருடையது அல்ல. துபாய்க் கதையை இந்த வீட்டில் முதலில் சொன்னது மலர்விழி. முட்டை ஏற்றும் நாளில் லாரிக்குப் பக்கத்தில் நிற்பதும் மலர்விழிதான்.

மலர்விழி ஒரு முட்டையைத் திருப்பிப் பார்த்து நல்ல பக்கத்தில் வைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

பண்ணையில் ஒவ்வொரு முட்டைக்கும் நாச்சிமுத்து கணக்குக் கேட்பார். கீறல் முட்டைக்கு மட்டும் கேட்க மாட்டார். அதை டீக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் விற்று வருவது அவள் கைச்செலவுக்கு. அதில் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு சீட்டு விலையைக் காளியண்ணனிடம் கொடுத்துவிடுவாள். பாலக்காட்டில் எதையாவது ஒன்று வாங்கச் சொல்வாள். இரண்டு வருடம் ஒன்றும் விழவில்லை. விழும் என்று நினைத்து வாங்கியதும் இல்லை. கணவருக்குத் தெரியாமல் தனக்கென்று ஒரு காரியம் நடக்கிறது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"சீட்டு நெம்பரு எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "அதுவரைக்கும் எந்தச் சீட்டையும் நான் கண்ணுல பார்த்ததுகூட இல்லை. தங்கச்சி புருசன் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. லோடு எறக்கிட்டு நேரா இங்கதான் வந்தாரு. 'இது உங்களுது'ன்னு அட்டை மேல வெச்சாரு."

சென்றாயன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரிசைக் காளியண்ணன் பெயரிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னது அவள்தான். துபாய் என்று சொல்லச் சொன்னதும் அவள்தான். கேரளா என்றால் என் லோடு, என் வாடகை, என் டீசல் என்று நாச்சிமுத்து ஒரு பங்கு கேட்டிருப்பார். அது பரவாயில்லை. அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. பக்கத்துப் பண்ணைக்காரன் ஒரு ஷெட் போட்டால் இவர் கடன் வாங்கி இரண்டு போடுவார். சொந்தக்காரர் வீட்டில் கார் வந்தால் இங்கே அதைவிடப் பெரிய கார் வர வேண்டும். நாலு வருடம் முன்பு அவளை மகளிர் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். பேங்கு மேனேஜர் அவள் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். கீழே உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, வீட்டுக்கு வந்ததும் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். அவள் தலைவி வேலையை விட்ட பிறகுதான் எழுந்தார்.

எருமப்பட்டி ரோட்டில் மூடிக் கிடக்கும் ஒரு தீவன அரைவை மில்லை அவள் பார்த்து வைத்திருந்தாள். அதைத் தன் பெயரில் எடுத்து நடத்த வேண்டும். அதை அவரிடம் சொல்வதற்கு முன்னால், பரிசு இன்னொருவருக்கு விழுந்தால் அவர் எப்படித் தாங்குகிறார் என்று பார்த்தாள்.

"பார்த்துட்டேனுங்க. உங்ககிட்ட வந்திருக்காரு."

தங்கைக்கு இதில் வருத்தம் உண்டா என்று அறிவுச்செல்வி கேட்டாள். உண்டு என்றாள் மலர்விழி. ஊருக்கெல்லாம் பணக்காரி, ஒரு ரூபாய் தொட முடியாது. தன் புருஷன் கையால் எடுத்த சீட்டு அக்காளுக்கு விழுந்ததே என்று அவளுக்கும் உள்ளுக்குள் எரிகிறது. லாரிக்கு முன்பணம் தருகிறேன் என்று இவள் சொல்லியும் காளியண்ணன் வாங்கவில்லை. அதில் தமிழ்ச்செல்விக்குப் புருஷன் மேலும் கோபம்.

புல்லட் பைக் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து உள்ளே வந்தார். மனைவியின் பக்கத்தில் துப்பறிகிறவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். அறிவுச்செல்வி எழுந்தாள். அவர் எதைப் பணம் கொடுத்து விசாரிக்கச் சொன்னாரோ அதற்குப் பதில் சொன்னாள். காளியண்ணன் துபாயில் ஜெயிக்கவில்லை. கேரளாவில். அங்கே கொடுக்கும்போதே வரியைப் பிடித்துவிட்டார்கள். புகார் செய்ய ஒன்றுமில்லை.

அவர் முகத்தில் ஒரு கணம் ஏமாற்றம் தெரிந்தது. அடுத்த கணம் வேறொன்று பற்றிக்கொண்டது.

"கேரளாவா? அப்ப என் லோடுல போனப்ப வாங்கினது. என் வாடகைல போய், என் டீசல்ல போய்..."

"சீட்டு என்னுது," என்றாள் மலர்விழி.

அவர் எதையும் கேட்காமலே அவள் மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னாள். கீறல் முட்டைக் காசு. பாலக்காடு. அட்டை மேல் வைத்த சீட்டு. மில்லு. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நாச்சிமுத்து காலி அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தார். எவ்வளவு பணம் என்று அவர் கேட்பார் என்று அறிவுச்செல்வி எதிர்பார்த்தாள். அவர் கேட்டது அதுவல்ல.

"அவங்கிட்டச் சொல்லியிருக்கே."

"ஆமாங்க."

"ரெண்டு வருசமா. அவனுக்குத் தெரியும். உன் தங்கச்சிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு யாரு முன்னால போனாலும் ஆகறதில்லை. நான் போனா எப்படி ஆகும்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சேலத்திலிருந்து திரும்பி வந்தவருக்குப் பொறுமை இல்லை. அறிவுச்செல்வியின் விசாரணை முடியும்வரை காத்திருக்கவும் இல்லை. மகனை விட்டு வருமான வரித் துறையின் இணையதளத்தில் காளியண்ணன் பேரில் மத்தியானமே புகாரைப் பதிந்துவிட்டார்.

"என்னாகும்?" என்று கேட்டார்.

"ஒருவேளை விசாரிப்பாங்க," என்றாள் அறிவுச்செல்வி. "பணம் எப்படி வந்தது, யாருக்குப் போகப் போகுதுன்னு. வரி பிடிச்சதுக்கு ஆதாரம் இருக்கு. மேற்கொண்டு கட்ட வேண்டிய சர்சார்ஜ்ங்கற கூடுதல் வரியையும் காளியண்ணன் கட்டியிருந்தா பயப்பட ஒண்ணுமில்லை."

"அதெல்லாம் கட்டிட்டாருங்க," என்றாள் மலர்விழி. "நான்தான் ஆடிட்டர்கிட்ட அனுப்பினேன்."

"அப்ப நீங்க புகார் பண்ணினது சகலை மேல இல்லைங்க," என்றார் சென்றாயன் மெதுவாக. "உங்க ஊட்டம்மா மேல."

நாச்சிமுத்து எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் காளியண்ணன் எடுத்ததும், வண்டி எங்கே நிற்கிறது, மழை உண்டா என்று என்னவோ கேட்டார். கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் சொன்னார்: "ஒரு நோட்டீசு வந்தாலும் வரும். நான்தான் போட்டுவிட்டேன். வந்தா எனக்குச் சொல்லு, நானும் கூட வாரேன்." அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலைக் கேட்டு அவர் முகம் சுருங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். காளியண்ணன் திட்டவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

போனை வைத்த பிறகு அறிவுச்செல்வியைப் பார்த்தார். மனைவியைப் பார்க்காமலே கேட்டார். அந்தப் பணம் இவள் பேருக்கு வந்தால் மறுபடி வரி உண்டா? இல்லை என்றாள் அவள். தங்கை புருஷன் கொடுப்பதை அன்பளிப்பாகக் காட்டலாம், சொந்தத்துக்குள் கொடுப்பதற்கு வாங்குகிறவர் வரி கட்ட வேண்டாம்.

"மில்லுக்கு?" என்றார். "பத்திரம், கரண்டு, பேங்கு. எங்கியாச்சும் நான் கையெழுத்துப் போடணுங்களா?"

"எங்கேயும் தேவையில்லைங்க."

அவர் தலையை ஆட்டினார். மலர்விழி எழுந்து தரம் பிரித்த அட்டைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வழியில் அவர் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் நின்றாள். நாச்சிமுத்து அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்.